ஒரு டம்ளர் தண்ணீரில் தீர்ந்த நோய்: யார் விட்ட கதை இது?

கரிசல்காட்டான் | சனி, இரவு 9.10
நண்பர் ஒருவர் நேற்று ஒரு யூடியூப் பேச்சை அனுப்பியிருந்தார். நாற்பது நிமிஷம். பேசியவர் பெயரைச் சொல்ல மாட்டேன், ஓசி விளம்பரம் ஆகிவிடும். உன் பிரச்சினையின் வேர் எது என்று உனக்குத் தெரிந்துவிட்டால் போதும், பிரச்சினை தானாக உதிர்ந்துவிடும் என்கிறார். அதற்குச் சாட்சி, 1880-களில் வியன்னாவில் ஜோசப் ப்ராயர் என்ற டாக்டர் வைத்தியம் பார்த்த 'அன்னா ஓ.' என்ற பெண். நல்ல கோடை. தாகம் உயிரை எடுக்கிறது. ஆனால் தண்ணீர் டம்ளர் உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவாள். ஆறு வாரம் பழத்தைத் தின்றே ஓட்டினாள். ஒருநாள் காரணம் ஞாபகம் வந்தது. வீட்டில் துணைக்கு இருந்த ஆங்கிலேயப் பெண்மணியின் நாய்க்குட்டி ஒரு டம்ளரில் வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்திருக்கிறாள். காரணம் தெரிந்தது, தண்ணீர் குடித்தாள், குணம். அரங்கத்தில் கைதட்டல்.

அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். 1882 ஜூனில் ப்ராயர் வைத்தியத்தை முடித்துக்கொண்டார். ஜூலையிலேயே அந்தப் பெண்ணைச் சுவிட்சர்லாந்தில் கிராய்ட்ஸ்லிங்கன் ஊரில் இருந்த பெல்வியூ சானடோரியத்தில் சேர்த்தார்கள். முகவலி, கூடவே மார்ஃபின் பழக்கம். எலன்பெர்கர் என்ற ஆய்வாளர் அந்தப் பழைய மருத்துவக் குறிப்பைத் தேடிப் பிடித்து 1972-லேயே எழுதிவிட்டார். இவர்கள் இன்னும் அந்த டம்ளரைக் கழுவிக் கழுவி மேடையில் வைக்கிறார்கள்.

நிலைக்கண்ணாடி | 9.31
அந்தப் பேச்சை நானும் பாதி கேட்டேன். மீதியைக் கேட்கப் பொறுமை இல்லை. ஆனால் கரிசல் சார், யூடியூபில் ஒருவர் உளறினார் என்பதற்காக ஆழ்மன தெரபியையே ஏன் தூக்கில் போடுகிறீர்கள்? காரணம் தெரிந்தால் போதும் என்று இந்தத் தெரபியைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டே சொல்லவில்லை. நோயாளிக்குத் தெரியாததை எடுத்துச் சொல்லி நோயைப் போக்கப் பார்ப்பது, பஞ்ச காலத்தில் பசித்தவனிடம் மெனு கார்டு நீட்டுவது போல என்று 1910-ல் எழுதியவரே அவர்தான். நான் நாலு வருஷமாகப் போகிறேன். தெரிந்துகொள்வது வேறு, புரிந்துகொள்வது வேறு.

கரிசல்காட்டான் | 9.38
மெனு கார்டு அருமை. சாப்பாடு எப்போது வரும்? நாலு வருஷமாக டேபிளில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

என் கேள்வி ஒன்றுதான். அன்னா ஓ. குணமானாளா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில்.

மல்லிகா_78 | 9.45
தம்பிகளா, முதலில் ஒன்றைப் பேசிக்கொள்ளலாமா? 'குணம்' என்றால் ஒரு தொந்தரவு போவதா, ஆளே மாறுவதா? 'தன்னைப் புரிந்துகொள்வது' என்றால் ஒரு தகவல் கிடைப்பதா, அது உள்ளே போய் உறைப்பதா? இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் கவுன்சிலிங் பார்த்தவள் என்ற முறையில் கேட்கிறேன். இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுவது போல இருக்கிறது.

ஈரோட்டுக்காரன் | 9.52
கரிசல் அண்ணே, சானடோரியம் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைவிட அந்த டம்ளர் விஷயத்தை ப்ராயர் எழுதியபடியே படித்துப் பாருங்கள். 1895-ல் அவரும் ஃப்ராய்டும் சேர்ந்து போட்ட புத்தகத்தில் இருக்கிறது. அவள் அப்போது ஹிப்னாஸிஸில் இருக்கிறாள். அந்த ஆங்கிலேயப் பெண்மணியை அவளுக்குப் பிடிக்காது. முதலில் அவளைப் பற்றி முணுமுணுக்கிறாள். அப்புறம் அந்த அறைக்குள் போனதையும் அந்தச் 'சனியன்' நாய் டம்ளரில் குடித்ததையும் முகம் சுளித்துக்கொண்டே சொல்கிறாள். மரியாதைக்காக அன்று வாயைத் திறக்கவில்லையாம். அடக்கி வைத்த கோபத்தை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறாள். நிறையக் குடிக்கிறாள். டம்ளர் உதட்டில் இருக்கும்போதே விழித்துக்கொள்கிறாள்.

கவனியுங்கள். குடித்தபடி விழித்தாள். விழித்து, யோசித்து, 'ஓ, இதுதானா காரணம்' என்று புரிந்துகொண்டு அப்புறம் குடிக்கவில்லை. இதில் புரிதல் எந்த இடத்தில் வருகிறது? கோபம் வெளியே வந்தது, தொண்டை திறந்தது. அவ்வளவுதான்.

கரிசல்காட்டான் | 9.58
ஆகா. இதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன். குடித்தபடி விழித்தாள். நிலைக்கண்ணாடி, பதில்?

உப்புமா மன்னன் | 10.01
அது என்ன பழம் என்று யாருமே சொல்லவில்லையே. ஆறு வாரம் என்றால் சாதாரணப் பழமாக இருக்காது.

நிலைக்கண்ணாடி | 10.14
முதலிலிருந்து நீங்கள் சொன்னது சானடோரியம் கதை. ஹிப்னாஸிஸ் என்ற வார்த்தை உங்கள் முதல் பதிவில் எங்கே இருக்கிறது? ஈரோட்டார் பிடித்த மீனை உங்கள் கூடையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி விஷயத்துக்கு. அது 1881-ல் நடந்தது. ஹிப்னாஸிஸ் எல்லாம் ஃப்ராய்டு பிற்பாடு தூக்கிப் போட்டுவிட்டார். ஏன்? மயக்கத்தில் ஞாபகம் வந்தால் அறிகுறி போகும், கொஞ்ச நாளில் வேறு வடிவத்தில் திரும்பி வரும். 1914-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே நினைவுகூர்தல், திரும்பச் செய்தல், அதனூடே உழைத்துக் கடத்தல் என்கிற மாதிரி இருக்கும். மனிதன் மறந்ததை ஞாபகப்படுத்திக்கொள்வதில்லை, அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறான் என்கிறார். தெரபி அறையிலும் அதையே செய்கிறான். அங்கே கையும் களவுமாகப் பிடிபடுகிறான். ஒரு தடவை பிடிபட்டால் போதாது, நூறு தடவை பிடிபட வேண்டும். முதல் விமானம் முதல் தடவை நாற்பது மீட்டர்கூடப் பறக்கவில்லை என்பதற்காக விமானமே பொய் என்பீர்களா?

கரிசல்காட்டான் | 10.20
விமானம் பறந்தது. இவள் ஜூலையில் சானடோரியத்தில். குடித்தபடி விழித்தாளா, விழித்த பிறகு குடித்தாளா? இன்னும் பதில் வரவில்லை.

தமிழ்க்கொத்தன் | 10.26
மன்னிக்கவும். 'ஆழ்மன தெரபி' என்பது தவறான ஆட்சி. ஃப்ராய்டு சொன்னது நனவிலி, அதாவது 'அன்கான்ஷியஸ்'. ஆழ்மனம் என்பது 'சப்கான்ஷியஸ்' என்ற சொல்லுக்குப் பத்திரிகைக்காரர்கள் போட்ட ஒட்டு. இரண்டும் ஒன்றல்ல. தன்னைப் புரிந்துகொள்ளும் 'இன்சைட்' என்பதற்கும் இங்கே யாரும் சரியான தமிழ்ச் சொல் ஆளவில்லை. உள்ளொளி என்றால் சாமியார் வாடை, அகநோக்கு என்றால் அது வேறு பொருள். உட்காட்சி என்று நான் முன்மொழிகிறேன்.

உப்புமா மன்னன் | 10.28
உட்காட்சி என்றால் தியேட்டரில் மேட்னி ஷோ மாதிரி இருக்கிறது ஐயா.

தமிழ்க்கொத்தன் | 10.33
நகைப்பது எளிது. ஒரு சொல்லை ஆக்குவது அரிது.

கரிசல்காட்டான் | 10.40
பதினெட்டு வருஷம் மருந்துக் கம்பெனி ஒன்றில் புள்ளிவிவரப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். யாருடைய 'எனக்குப் புரிந்தது, நான் மாறினேன்' கதையும் என்னிடம் செல்லாது. 1952-ல் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். உளப்பகுப்பாய்வுக்கு, அதாவது ஃப்ராய்டு வழித் தெரபிக்குப் போனவர்களில் தேறியவர்கள் 44 சதவீதம். கலவையான மற்ற வைத்தியத்தில் 64. சும்மா ஆஸ்பத்திரிப் பராமரிப்பிலோ குடும்ப டாக்டரிடமோ இருந்தவர்கள் 72. அதாவது தன்னைப் புரிந்துகொள்ளாமல் வீட்டில் கிடந்தவன்தான் அதிகம் தேறியிருக்கிறான்.

நிலைக்கண்ணாடி | 10.57
இதற்காகத்தான் காத்திருந்தேன். ஐசங்க் அந்த 44-ஐ எப்படிப் பெற்றார் தெரியுமா? பாதியில் நின்றவர்களையும் 'தேறாதவர்' கணக்கில் சேர்த்தார். அவர்களை நீக்கினால் 66 வருகிறது என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. புள்ளிவிவரப் பிரிவில் இதைச் சொல்லித்தர மாட்டார்களா? அந்த 72-ல் ஒரு பகுதி, இன்சூரன்ஸ் கம்பெனியில் ஊனத்தொகை கேட்டவர்கள் எப்போது வேலைக்குத் திரும்பினார்கள் என்ற கணக்கு. மனம் தேறியதும் வேலைக்குப் போனதும் ஒன்றா?

எழுபது வருஷப் பழைய சரக்கை விடுங்கள். 2015-ல் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் நடந்த ஆய்வைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே இரண்டு சிகிச்சையாவது பலிக்காமல் போனவர்கள், 129 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை உளப்பகுப்பாய்வு தெரபி, பதினெட்டு மாதம். முடிந்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அப்புறம் வந்தது. 42-ஆம் மாதம் பார்த்தால் ஓரளவாவது தேறியவர்கள் அந்தப் பக்கம் 30 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 4.4. தெரபி நின்ற பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. மாத்திரை அப்படிச் செய்யுமா?

கரிசல்காட்டான் | 11.03
'ஓரளவாவது'. அந்த வார்த்தையை எல்லாரும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். முழுசாகத் தேறியவர்கள் எத்தனை? நான் சொல்கிறேன். 14.9. இன்னொரு பக்கம் 4.4. அந்த வித்தியாசம் புள்ளிவிவரப்படி நிற்கவே நிற்காது. நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் மூன்றரை வருஷம் கழித்தும் முழுசாகத் தேறவில்லை. இதைத்தான் வெற்றி என்று கொண்டாடுகிறீர்கள்.

அது இருக்கட்டும். அவர்கள் 'தன்னைப் புரிந்துகொண்டதால்' தேறினார்கள் என்று அந்த ஆய்வில் எங்கே இருக்கிறது? பதினெட்டு மாதம் ஒருவர் வாரம் தவறாமல் காது கொடுத்துக் கேட்டால் யாருக்குத்தான் நல்லது நடக்காது? என் ஊர் டீக்கடைக்காரர்கூட இதைச் செய்வார்.

மல்லிகா_78 | 11.08
நான் கேட்டது இதைத்தானே தம்பி. 'புரிதல்' என்று எதைச் சொல்கிறோம்?

ஈரோட்டுக்காரன் | 11.15
நார்வேயில் ஹோக்லெண்ட் என்பவர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நூறு பேர், ஒரு வருஷம், வாரம் ஒரு செஷன். பாதிப் பேரிடம் 'இப்போது என் மேல் உங்களுக்கு என்ன தோன்றுகிறது' என்று தெரபிஸ்ட் தன்னையும் நோயாளியையும் வைத்தே பேசுவார். மீதிப் பேரிடம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டார். சராசரியில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் மனிதர்களோடு உறவே ஒட்டாமல் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சு கூடுதலாக உதவியது. அது உதவிய வழி, அவர்களுடைய தன்னறிவு கூடியதுதான் என்று பிறகு காட்டினார்கள். இதை நிலைக்கண்ணாடிக்காகச் சொல்கிறேன், எனக்காக அல்ல. நான் இன்னும் கோபம் கட்சிதான்.

கரிசல்காட்டான் | 11.19
நூறு பேர். தேர்தல் கருத்துக்கணிப்புக்குக்கூட இதைவிட அதிகம் எடுப்பார்கள்.

நிலைக்கண்ணாடி | 11.24
சரி, நூறு பேர் வேண்டாம். 2018-ல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் நோயாளிகள். புரிதல் கூடியதற்கும் தேறியதற்கும் தொடர்பு 0.31. முழுத் தொடர்பு என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0.

கரிசல்காட்டான் | 11.27
0.31-ஐ 0.31-ஆல் பெருக்குங்கள். பத்து சதவீதத்துக்கும் கீழே. தேறியதில் புரிதலோடு சேரும் பங்கு அவ்வளவுதான். மீதித் தொண்ணூறு எங்கே போனது? டீக்கடைக்கா? தேறியதால் புரிந்ததா, புரிந்ததால் தேறியதா என்பதும் அதில் தெரியாது. தண்ணீர் குடித்ததால் விழித்தாளா, விழித்ததால் குடித்தாளா. சுற்றிச் சுற்றி என் கேள்விக்கேதான் வருகிறீர்கள்.

சித்தர்தாசன் | 11.35
இதையெல்லாம் நம் சித்தர்கள் என்றோ சொல்லிவிட்டார்கள். வெள்ளைக்காரன் நோட்டுப் புத்தகத்தில் எழுதியதால் பெரிதாகத் தெரிகிறது.

உப்புமா மன்னன் | 11.36
வந்துவிட்டார். ஒரு மணி நேரம் முன்பே எதிர்பார்த்தேன், தாமதம் ஏன் ஐயா?

நிலைக்கண்ணாடி | 11.44
வெள்ளைக்காரன் சரக்கு என்பதற்கு மட்டும் ஒரு பதில். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஃப்ராய்டோடு கடிதத்தில் சண்டையே போட்டவர். ஒவ்வொரு ஆசைக்கும் பின்னால் நேர் எதிரான ஆசை ஒன்று இருக்கிறது என்பது அவர் கட்சி. ஃப்ராய்டின் 75-ஆவது பிறந்தநாளுக்கு இங்கிருந்து விஷ்ணு சிலை போனது.

சித்தர்தாசன் | 11.49
பார்த்தீர்களா, கடைசியில் விஷ்ணுதான் போக வேண்டியிருந்தது.

நெறியாளர் | 11.55
மதச் சண்டையாக்க வேண்டாம். சிலை குறித்த பதிவுகள் நீக்கப்படும்.

நிலைக்கண்ணாடி | ஞாயிறு, காலை 7.20
இரவெல்லாம் யோசித்தேன். கதை செல்லாது என்று கரிசல் சார் சொல்லிவிட்டார். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே யாரும் அந்த அறைக்குள் போனதில்லை என்று தெரிகிறது.

எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு அப்பா கூட்டிப்போக வர வேண்டும். மறந்துவிட்டார். இருட்டும் வரை கேட் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் நானே முந்திக்கொண்டு 'பரவாயில்லைப்பா' என்றேன். இந்தக் கதை எனக்கு எப்போதும் தெரியும். மறக்கவே இல்லை. அதனால்தான் யாரிடமும் கோபப்பட மாட்டேன், அதனால்தான் எல்லாருக்கும் தலையாட்டுகிறேன் என்று கல்லூரிக் காலத்திலேயே நண்பர்களிடம் விளக்கியிருக்கிறேன். தெரபியில் முதல் இரண்டு வருஷம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். பேப்பர் வாசிப்பது போலச் சொல்வேன். ஒன்றும் மாறவில்லை. மெனு கார்டு.

மூன்றாவது வருஷம் ஒருநாள். நான் எப்போதும் பத்து நிமிஷம் முன்னதாகவே போய் இரண்டாவது மாடிப் படிக்கட்டில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். அன்று மேடம் பதினைந்து நிமிஷம் தாமதம். வந்து கதவைத் திறந்து 'ஸாரி' என்றார். நான் சிரித்தேன். 'பரவாயில்லை மேடம்' என்றேன். உட்கார்ந்து வேறு ஏதோ பேச ஆரம்பித்தேன். அவர் கையை லேசாகத் தூக்கி, 'பரவாயில்லையா?' என்றார். நான் திரும்பவும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். மேலே ஃபேன் சத்தம். எதிரே சுவர்க் கடிகாரம். 'இன்னும் முப்பத்தைந்து நிமிஷம்தான் இருக்கிறது' என்று என் வாயிலிருந்து வந்தது. அது என் குரலாகவே இல்லை. முழங்காலில் வைத்திருந்த கை ஆடியது. அடுத்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நிச்சயமாக நினைத்தேன். அவர், 'ஆமாம், பதினைந்து நிமிஷம் நான் எடுத்துக்கொண்டேன்' என்றார். அவ்வளவுதான். அந்த நிமிஷம்தான் திண்ணை ஞாபகம் வந்தது. அதுவரை தெரிந்திருந்தது, அன்றுதான் வந்தது. இருட்டு, கொசு, வாட்ச்மேன் டிபன் பாக்ஸைக் கழுவும் சத்தம் எல்லாம்.

அந்த மாதம் எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளர் வழக்கம் போல சங்கக் கணக்கை என் தலையில் கட்ட வந்தார். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொடுத்தவன். 'என்னால் முடியாது' என்றேன். அந்த இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் மறுநாள் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் புதுசு.

அன்னா ஓ.வும் மரியாதைக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை. அதையும் கொஞ்சம் பாருங்கள்.

ஈரோட்டுக்காரன் | 7.48
நல்ல பதிவு. மனசைத் தொட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கட்சிக்கே வலு சேர்க்கிறீர்கள். கோபப்பட்டீர்கள், அவர் விரட்டவில்லை. சிகாகோவில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1946-ல் சொன்னது இதுதான்: புரிதல் அல்ல, பழைய பயம் பொய்த்துப்போகும் புது அனுபவம்தான் மாற்றுகிறது.

நிலைக்கண்ணாடி | 8.05
அனுபவம் மட்டும் போதும் என்றால், என் மனைவியும் என்னை ஒருநாளும் விரட்டியதில்லை. பதினோரு வருஷமாக. அதில் மாறவில்லையே? அது திண்ணைதான் என்று அந்த நொடியில் தெரிந்ததால்தான் மாறியது. ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி என்ற உளப்பகுப்பாய்வாளர் 1934-ல் எழுதியது இதைத்தான். தெரபிஸ்ட் மேலேயே உணர்ச்சி சூடாக இருக்கும்போது சொல்கிற வார்த்தைதான் ஆளை மாற்றும், ஆறிப்போனதைப் பற்றிச் சொல்வது ஏறாது.

கரிசல்காட்டான் | 8.31
ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு ஃபீஸில் கழித்தாரா?

நிலைக்கண்ணாடி | 8.34
இவ்வளவு எழுதியதில் உங்கள் கண்ணில் பட்டது இதுதானா?

கரிசல்காட்டான் | 8.36
கழித்தாரா, இல்லையா?

உப்புமா மன்னன் | 8.40
எனக்கும் தெரிய வேண்டும். ஒரு செஷன் எவ்வளவு?

நிலைக்கண்ணாடி | 8.52
1,500. கழிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கரிசல்காட்டான் | 8.55
ஆக, 375 ரூபாய்க்கு இன்னும் 'பரவாயில்லை மேடம்'தான். இதற்குப் பெயர் மாற்றம்.

தமிழ்க்கொத்தன் | 9.02
சிறு திருத்தம். 50 நிமிடத்துக்கு 1,500 எனில் 15 நிமிடத்துக்கு 450. மணி நேரக் கணக்கில்தான் 375.

கரிசல்காட்டான் | 9.04
நன்றி. 450. இன்னும் மோசம்.

நிலைக்கண்ணாடி | 9.20
கரிசல் சார், உங்களை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு ஹோமியோபதி திரியிலும் இப்படித்தான். கடைசி வரை ஒரே கேள்வி. கடைசியில் அங்கே நீங்கள் சொன்ன தேதிதான் தப்பாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

கரிசல்காட்டான் | 9.26
அது தட்டச்சுப் பிழை. அன்றே சொன்னேன்.

நிலைக்கண்ணாடி | 9.28
மூன்று இடத்தில் ஒரே தட்டச்சுப் பிழை.

புறவழிச்சாலை | 10.15
ரொம்ப நாள் சத்தமில்லாமல் படிப்பவன், முதல் பதிவு. அன்னா ஓ.வின் உண்மைப் பெயர் பெர்தா பாப்பன்ஹைம் இல்லையா? அவர் பிறகு ஃப்ராங்க்ஃபர்ட் போய் அநாதை இல்லம் நடத்தினார், 1904-ல் யூதப் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார், பெண்களைக் கடத்தி விற்பதை எதிர்த்து ஊர் ஊராகப் போனார். 1954-ல் மேற்கு ஜெர்மனி அவருக்குத் தபால்தலையே போட்டது. குணமாகாதவர் இதையெல்லாம் செய்திருப்பாரா?

கரிசல்காட்டான் | 10.22
புதியவருக்கு வணக்கம். 1882-ல் வைத்தியம் முடிந்தது, 1904-ல் அமைப்பு. நடுவில் இருபத்திரண்டு வருஷம். அதில் ப்ராயர் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு? வேலை கிடைத்தது, நோய் போனது என்று நான் சொல்வேன். மறுக்க முடியுமா? தபால்தலை நாய்க்கும் போடுகிறார்கள்.

புறவழிச்சாலை | 10.25
சும்மா கேட்டேன் சார்.

மல்லிகா_78 | 11.10
கரிசல் தம்பி, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? இந்த விஷயத்தில் உங்களுக்கு இவ்வளவு சூடு ஏன்? வேறு திரிகளில் நீங்கள் இப்படி விடிய விடிய எழுதிப் பார்த்ததில்லை.

கரிசல்காட்டான் | 11.48
கேட்டுவிட்டீர்கள் மேடம், சொல்கிறேன். என் தம்பி மூன்று வருஷம் இந்த மாதிரி ஓர் இடத்துக்குப் போனான். ஊர், பெயர் வேண்டாம். போவதற்கு முன்னால் நான் ஒன்று சொன்னால் மறுபேச்சு இருக்காது. பத்திரத்தில் எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுவான். படிக்கக்கூட மாட்டான். இப்போது 'அண்ணா, எனக்கு அது சரிப்படாது' என்கிறான். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் சொல்லாத வார்த்தை. அப்பா திதிக்கு வருகிறான், இலை எடுத்ததும் கிளம்பிவிடுகிறான். சின்ன வயதில் நான் அடித்ததையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறான். அம்மா படுக்கையில் இருந்த அந்த நாலு வருஷம் அவனுக்குச் சோறு போட்டது யார், தலை வாரிவிட்டது யார், அது ஞாபகம் வரவில்லை. தன்னைப் புரிந்துகொண்டானாம். என்னை யார் புரிந்துகொள்வது?

ஈரோட்டுக்காரன் | 12.02
அண்ணே...

நிலைக்கண்ணாடி | 12.15
வருத்தமாக இருக்கிறது சார். உண்மையாகவே. ஆனால் நேற்று இரவிலிருந்து, தன்னைப் புரிந்துகொண்டு யாரும் மாறியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இப்போது உங்கள் தம்பி மாறிவிட்டார் என்கிறீர்கள்.

கரிசல்காட்டான் | 12.18
அது மாற்றம் இல்லை. கெட்டுப்போனது.

நிலைக்கண்ணாடி | 12.19
பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதா?

கரிசல்காட்டான் | 12.20
திரியின் தலைப்புக்கு வாருங்கள். குடித்தபடி விழித்தாளா, விழித்த பிறகு குடித்தாளா?

மல்லிகா_78 | 12.31
தம்பி, அவரிடம் ஒருநாள் உட்கார்ந்து பேசிப் பார்த்தீர்களா?

கரிசல்காட்டான் | 12.33
மேடம், தலைப்பு.

தமிழ்க்கொத்தன் | 12.50
'குடித்தபடி விழித்தாள்' என்பதில் 'படி' என்பது உடன்நிகழ்வைக் குறிக்கும். ஆகவே எது முந்தியது என்ற வினாவே இலக்கணப்படி எழாது.

கரிசல்காட்டான் | 12.54
எழும். ஜெர்மனில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். யாருக்காவது ஜெர்மன் தெரியுமா?

உப்புமா மன்னன் | 1.10
எனக்குத் தெரியாது, ஆனால் என் மச்சான் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான். கேட்டுவிட்டேன். 'மெலோனென்' என்றுதான் போட்டிருக்கிறதாம். முலாம்பழமாகவும் இருக்கலாம், தர்பூசணியாகவும் இருக்கலாம் என்கிறான்.

ஈரோட்டுக்காரன் | 1.14
தண்ணீர் குடிக்காமல் ஆறு வாரம் தாங்க வேண்டும் என்றால் தர்பூசணிதான்.

நிலைக்கண்ணாடி | 1.22
நான் கிளம்புகிறேன். செவ்வாய்க்கிழமை செஷன் இருக்கிறது. அந்த 450-ஐப் பற்றிக் கேட்பேனா என்று தெரியவில்லை.

கரிசல்காட்டான் | 1.24
பதில் சொல்லாமல் ஓடுகிறார். எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள்.

உப்புமா மன்னன் | 1.31
வியன்னாவில் அந்தக் காலத்தில் தர்பூசணி ஏது ஈரோட்டாரே? முலாம்பழம்தான்.

ஈரோட்டுக்காரன் | 1.33
ஹங்கேரியிலிருந்து வந்திருக்கும். பக்கத்து ஊர்தானே.

கரிசல்காட்டான் | 1.35
ஆதாரம் இருக்கிறதா?